காந்த சிகிச்சைக்குப் பணம் கட்டுமுன்: புத்தளக் கரையோரக் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

மாத்திரையை மாற்றி மாற்றிக் குடித்தும் மனச்சோர்வு தெளியாதவர்களுக்கு 'டி.எம்.எஸ்.' என்ற காந்த சிகிச்சை ஒரு நல்ல வழி. ஆனால் செலவு பெரிது. காப்புறுதி இருக்கிறதே என்று நம்பி நகையை அடகு வைக்குமுன் இவற்றைப் படியுங்கள்.

1. முதலில் சிகிச்சையைத் தெரிந்துகொள்ளுங்கள். தலையின் இடது முன்பக்கத்தில் ஒரு கம்பிச்சுருளை வைத்து, வெளியிலிருந்தே காந்தத் துடிப்புகளை மூளைக்குச் செலுத்துவார்கள். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தனி பார்க்கரின் குழு இதைச் செய்துகாட்டியது. மனச்சோர்வுக்கு அமெரிக்கா 2008இல் அனுமதி கொடுத்தது. மயக்க மருந்து இல்லை, வார்ட்டில் தங்கத் தேவையில்லை. வழக்கமாகக் கிழமைக்கு 5 நாள், 4 முதல் 6 கிழமை போக வேண்டும். ஒரு தடவைக்கு அரை மணிக்கு மேல் எடுக்கும் பழைய முறையும் உண்டு, 3 நிமிடத்தில் முடியும் புதிய முறையும் உண்டு. எந்த முறை, மொத்தம் எத்தனை தடவை, எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

2. வார்ட்டில் தங்கத் தேவையில்லை என்பது நோயாளிக்கு நல்லது, காப்புறுதியில் அதுவே தடையாகிவிடுகிறது. பெரும்பாலான மருத்துவக் காப்புறுதிகள் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால்தான் பணம் தரும். வெளிநோயாளர் செலவுக்கு இடம் இருந்தாலும் வருடத்துக்குச் சிறிய தொகைதான். மனநோய்களையே விலக்கி வைத்திருக்கும் பத்திரங்களும் உண்டு. ஆகவே பத்திரத்தை எடுத்து, எதற்கெல்லாம் பணம் இல்லை என்று போட்டிருக்கும் பக்கத்தை முதலில் வாசியுங்கள். ஆங்கிலம் சிரமமென்றால் பாடசாலை ஆசிரியர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

3. முகவர் தொலைபேசியில் "கிடைக்கும்" என்று சொன்னது போதாது. வைத்தியரின் கடிதம், நோயின் பெயர், சிகிச்சையின் பெயர், தடவைகளின் எண்ணிக்கை, செலவு மதிப்பீடு எல்லாவற்றையும் இணைத்து நிறுவனத்துக்கு எழுதுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை முற்பணம் கட்டாதீர்கள்.

4. கிளினிக் கொப்பியைக் காணிப் பத்திரம்போலப் பத்திரப்படுத்துங்கள். இந்தச் சிகிச்சைக்கு யார் பணம் கொடுத்தாலும் கேட்கும் முதற்கேள்வி, "இதற்கு முன் என்னென்ன மருந்து முயன்றீர்கள்?" என்பதுதான். ஆஸ்திரேலியாவில் 2021 நவம்பர் முதல் அரச மெடிகெயார் திட்டம் இதற்குப் பணம் தருகிறது. அங்கேயும் 18 வயதாகியிருக்க வேண்டும், வெவ்வேறு வகையைச் சேர்ந்த இரண்டு மருந்துகளாவது பலன் தராமல் போயிருக்க வேண்டும், பேச்சு வழி உளச்சிகிச்சையும் பொருந்துமானால் பார்த்திருக்க வேண்டும். அமெரிக்கக் காப்புறுதி நிறுவனங்களும் ஏறக்குறைய இதையே கேட்கின்றன. நம் நாட்டில் வாதாடவும் இதே சான்றுதான் கைகொடுக்கும். ஆகவே மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய திகதி, நிறுத்திய திகதி, நிறுத்திய காரணம் ஆகியவற்றை வைத்தியரிடம் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். வார்ட்டில் இருந்திருந்தால் நோய் நிர்ணய அட்டையின் (டயக்னோசிஸ் கார்ட்) பிரதியும் வேண்டும். கடல்காற்றும் மழையும் கடதாசியைத் தின்றுவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

5. புதிதாகக் காப்புறுதி எடுக்கும்போது மனச்சோர்வு இருந்ததை மறைக்காதீர்கள். "ஊருக்குத் தெரிந்துவிடும், பிள்ளைக்குக் கலியாணம் பேச முடியாது" என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் படிவத்தில் 'இல்லை' என்று போட்டுவிட்டால், நாளை இருதய நோய்க்குக் கேட்கும் பணத்தையும் அந்த ஒரு சொல்லைக் காட்டி மறுக்க இடமுண்டு.

6. வீட்டில் அரச ஊழியர் இருந்தால் அக்ரஹார காப்புறுதியைப் பாருங்கள். அதை நடத்துவது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம். எந்தப் படியில் சந்தா கட்டுகிறார், கணவன் அல்லது மனைவிக்கும் பொருந்துமா, வெளிநோயாளராக எடுக்கும் மனநல சிகிச்சை அதில் வருமா என்று அலுவலகம் மூலம் எழுதிக் கேளுங்கள். தனியார் வேலையென்றால் குழுக் காப்புறுதி பற்றி மனிதவளப் பிரிவில் விசாரியுங்கள்.

7. இந்தியாவில் போய்ச் செய்யலாம் என்று நினைப்பவர்களுக்கு: அங்கே 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. அது அந்நாட்டுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கான சட்டம். இலங்கைப் பத்திரத்துக்கு அது செல்லாது. அங்கு காப்பீட்டுக்காக 2019இல் வந்த நவீன சிகிச்சைகளின் பட்டியலில் மூளைக்குள் கம்பி பதிக்கும் அறுவைச் சிகிச்சை இருக்கிறது, காந்த சிகிச்சை இல்லை. யாராவது இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் ஏமாறாதீர்கள்.

8. காப்புறுதி தந்தாலும் போக்குவரத்தையும் தங்குமிடத்தையும் தராது. கொழும்புக்கு என்று வைத்துக்கொண்டால் புத்தளத்திலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீற்றர். கற்பிட்டியிலிருந்து பாலாவிச் சந்திக்கு வரவே 40 கிலோமீற்றர் அளவு இருக்கிறது. தினமும் போய்வர இயலாது. கூட நிற்பவரின் இழந்த கூலியையும் கணக்கில் சேருங்கள். கடற்றொழில் குடும்பமென்றால், வைத்தியர் சம்மதித்தால், சோளகம் வீசிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சிகிச்சையை வைத்துக்கொள்ளலாம். தொழில் இழப்பு குறையும்.

9. தலையில் உலோகம் இருக்கிறதா என்று கட்டாயம் சொல்லுங்கள். போர்க்காலத்தில் வடக்கில் செல் துண்டு பட்டவர்கள் நம் கரையிலும் இருக்கிறார்கள். காயம் ஆறிவிட்டாலும் துண்டு உள்ளே இருக்கலாம். காதுக்குள் பொருத்திய கருவி, முன்பு வந்த வலிப்பு, மதுப் பழக்கம் இவற்றையும் மறைக்கக் கூடாது. இரவு வலைக்குப் போய்த் தூங்காமல் வந்து சிகிச்சைக்கு உட்காராதீர்கள். தூக்கமின்மை வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். வலிப்பு அரிதுதான். தலைவலியும் தலைத்தோல் வலியும்தான் அதிகம் வருபவை.

10. தலவில அன்னம்மாளுக்கு நேர்த்தி வைப்பவரும், முன்னேஸ்வரம் போகிறவரும், பள்ளியில் ஓதிப் பார்ப்பவரும் தாராளமாகச் செய்யுங்கள். மாத்திரையை மட்டும் தானாக நிறுத்த வேண்டாம். நோன்பு காலத்தில் வேளையை மாற்ற வேண்டுமானால் வைத்தியரிடம் கேளுங்கள்.

11. எல்லாவற்றுக்கும் முன்னால் அரச வைத்தியசாலை. வடக்கிலிருந்து 1990இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழும் முஸ்லிம் மக்களிடையே 2011இல் நடத்திய ஆய்வொன்றில், 100 பேரில் ஏறக்குறைய 19 பேருக்குப் பொதுவான மனநலக் கோளாறுகளில் ஏதாவது ஒன்று இருந்தது. தனியாக உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல இது. அரச மனநலக் கிளினிக்கில் வைத்தியமும் மருந்தும் இலவசம். கடுமையான மனச்சோர்வுக்கு மயக்கம் கொடுத்துச் செய்யும் மின் சிகிச்சையும் அரச வைத்தியசாலைகளில் உண்டு. சாப்பிட மறுப்பவருக்கும் உயிரை மாய்க்க நினைப்பவருக்கும் காந்த சிகிச்சையைவிட அது விரைவாகப் பலன் தரும். அப்படிப்பட்டவரை வீட்டில் வைத்துக்கொண்டு காப்புறுதிப் பதிலுக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே பக்கத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 எண்ணுக்கு எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

12. கிளைம் மறுக்கப்பட்டால் பத்திரத்தின் எந்த வாசகத்தின்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முதல் முறைப்பாடு நிறுவனத்துக்கே போக வேண்டும். அங்கே தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கோ, இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கோ எழுதலாம். மறுப்புக் கடிதம், பத்திரத்தின் பிரதி, கிளினிக் கொப்பியின் பிரதி, வைத்தியரின் கடிதம், பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றைத் திகதி வரிசையில் அடுக்கிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அசல்களை யாரிடமும் கொடுக்காதீர்கள்.