பழைய நாயும் புதிய குட்டியும்

வயலையும் மரக்கறித் தோட்டத்தையும் பன்றி, குரங்கு முதலியவற்றிலிருந்து காப்பதற்குக் கமக்காரர் பலர் நாய் வளர்க்கின்றனர். காவல் நாய்க்கு வயது சென்றதும் ஒரு குட்டியைக் கொண்டுவருவது நல்ல வழக்கமாகும். வளவின் எல்லை எது, வீட்டார் யாவர், எச்சத்தத்திற்குக் குரைக்கவேண்டும் என்பனவற்றைக் குட்டி பெரிய நாயைப் பார்த்தே பழகிக்கொள்ளும். ஆயின், முதல் நாளிலேயே இரண்டையும் ஒரே முற்றத்தில் விட்டுவிட்டால் குட்டி கடியுண்டு சாகவும் கூடும். ஆகவே பின்வரும் முறைகளைக் கைக்கொள்ளுங்கள்.

1. குட்டியைக் கொண்டுவருமுன்

எட்டுக் கிழமை நிரம்பாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தல் ஆகாது. விளையாட்டில் அளவோடு கடிப்பதைத் தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமுமே அது கற்கின்றது. குட்டி படுத்த சாக்கொன்றை முன்னதாகவே கொணர்ந்து, பழைய நாய் முகர்ந்து பார்க்கும்படி வையுங்கள். இரண்டிற்கும் பூச்சி மருந்தும் தடுப்பூசியும் கொடுப்பது பற்றி மிருக வைத்தியரைக் கேட்டறியுங்கள்.

2. முதற் சந்திப்பு

முற்றத்தைப் பழைய நாய் தன் உடைமையாகவே கருதும். எனவே படலைக்கு வெளியே, ஊர்நாய்கள் நடமாடாத ஓரிடத்தில் இரண்டையும் சந்திக்க விடுங்கள். ஆளுக்கொரு நாயாக இருவர் பிடித்தல் வேண்டும். கயிறு தளர்ந்திருக்கட்டும், இறுக்கிப் பிடித்தால் நாய் வெகுளும். சற்று முகரவிட்டு, இரண்டையும் ஒரே திசையில் நடத்திச் சென்றபின் வளவினுள் கொண்டுவாருங்கள்.

3. உணவும் படுக்கையும்

தனித்தனிப் பாத்திரத்தில், ஒன்றையொன்று நெருங்காத இடங்களில் உணவு வையுங்கள். எலும்பை இரண்டிற்கும் நடுவே எறியாதீர்கள். பழைய நாயின் படுக்கையைக் குட்டிக்குக் கொடாதீர்கள். குட்டி எட்டாத ஓரிடம் அதற்கு வேண்டும். முதற் சில கிழமைகள், நீங்கள் இல்லாத வேளைகளில் இரண்டையும் பிரித்தே வையுங்கள்.

4. உறுமினால் அடிக்கலாமா?

கூடாது. உறுமல் என்பது "விலகிப் போ" என்னும் எச்சரிக்கையாகும். அதற்கு அடிபட்ட நாய், அடுத்த முறை உறுமாமலே கடிக்கக்கூடும். உடல் விறைத்து, கண் இமையாது குட்டியையே நோக்குமாயின் உடனே பிரித்துவிடுங்கள். சண்டை மூண்டால் இடையே கை கொடாதீர்கள், தண்ணீரை ஊற்றுங்கள்.

5. விசர்நோய்

குட்டி கடித்தாலும் பல் கீறினாலும், "குட்டிதானே" என்று இருந்துவிடலாகாது. விசர்நோய் கண்டபின் மனிதர் உயிர் தப்புவது மிக அரிது. காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். இரு நாய்களுக்கும் ஆண்டுதோறும் விசர்நோய்த் தடுப்பூசி போடுவியுங்கள்.

பெரும்பாலும் சில கிழமைகளில் இரண்டும் இணங்கிவிடும். எனினும் ஒரு வயது நிரம்புமுன் குட்டியைப் பன்றிக் காவலுக்கு விடாதீர்கள். அதுவரை பகலில் பழைய நாயுடன் வரப்பில் நடக்கட்டும்; பழைய நாய் பல போகம் காத்துப் பழகிய காவலை அது கூட நடந்தே கற்றுக்கொள்ளும்.