எட்டு லிங்கம், எட்டு நோட்டு

அன்புள்ள தங்கைக்கு,

இதழியல், மக்கள் தொடர்பியல் படிப்பில் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தாய். பாடத்திட்டத்தையும் அனுப்பியிருந்தாய், படித்தேன். தகவல் தொடர்பு மாதிரிகள், ஊடக வரலாறு, செய்தி சேகரிப்பு, செம்மையாக்கம், ஊடகச் சட்டமும் அறமும், நடுவில் ஒரு பயிற்சி, கடைசிப் பருவத்தில் ஆய்வேடு. இதையெல்லாம் படித்து என்ன ஆகப்போகிறது, பேசாமல் மெட்ராஸுக்குப் போய் ஏதாவது சேனலில் ஒட்டிக்கொண்டு தொழிலைக் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்கிறாய். திருவண்ணாமலையில் உட்கார்ந்தால் கோயில் செய்தியைத் தவிர வேறென்ன கிடைக்கும் என்ற மனக்குறையும் உன் கடிதத்தில் தெரிகிறது.

படி. பாதியில் விடாதே. தொழிலுக்குள் போனபின் கிடைக்காத ஒன்று இப்போது உன் கையில் இருக்கிறது. ஒரே ஒரு விஷயம் உண்மைதானா என்று பார்க்க ஒரு வாரம், வேண்டுமென்றால் ஒரு மாதம் செலவழிக்கலாம். பக்கம் முடிக்கும் நேரம் நெருங்கிவிட்டால் எந்த உதவி ஆசிரியரும் உனக்கு அந்த வாரத்தைத் தரமாட்டார். பாரதியார் 1904-ல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து, தந்திச் செய்திகளைத் தமிழாக்கியபடியேதான் இந்தத் தொழிலைக் கற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் பட்டயப் படிப்பு வந்தது 1947-ல். அதற்கு முன்பே, 1920 வாக்கில், அடையாறில் அன்னி பெசன்ட் இதழியல் வகுப்பு நடத்திப் பார்த்திருக்கிறார். வேலையிலா வகுப்பிலா என்ற சண்டை அன்றிலிருந்தே இருக்கிறது. என்னைக் கேட்டால், எழுதும் வேகத்தை வேலை கற்றுத் தந்துவிடும். எழுதியது உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் மட்டும் வகுப்பில் வரவில்லையென்றால் பிறகு வருவது கஷ்டம்.

அந்தப் பழக்கத்துக்கு நம் ஊரைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. காரணம் சொல்கிறேன்.

ஒவ்வொரு கார்த்திகையிலும் தீபச் செய்தி வருகிறது. 2,668 அடி உயர மலை, இத்தனை கிலோ நெய், இத்தனை மீட்டர் காடாத் துணி, இத்தனை லட்சம் பக்தர்கள். மலையின் உயரம் ஆண்டுதோறும் அதேதான், சரி. கூட்டம் அப்படியா? அந்த லட்சத்தை யார் எண்ணினார்கள்? நிருபரைக் கேட்டால் அதிகாரி சொன்னார் என்பார். அதிகாரியைக் கேட்டால் எதிர்பார்க்கப்பட்ட எண்ணிக்கை என்பார். திருவிழாவுக்கு முன்னால் நடந்த ஆலோசனைக் கூட்டத்தில் ஏற்பாடுகளுக்காகப் போட்ட மதிப்பீடு, திருவிழா முடிந்த மறுநாள் வந்து போனவர்களின் கணக்காக அச்சாகிவிடுகிறது. நடுவில் யாரும் எண்ணவில்லை.

அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் சொல்லித்தந்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்பவருக்கு 1960-களில் இதே கேள்வி வந்தது. அவருடைய அலுவலக ஜன்னலுக்குக் கீழே மாணவர் போராட்டம். ஆளாளுக்கு ஒரு எண்ணிக்கை சொல்கிறார்கள். தரையில் சிமென்ட் கட்டங்கள் இருந்தன. படத்தைப் பெரிதாக்கி, ஒரு கட்டத்தில் எத்தனை தலை, மொத்தம் எத்தனை கட்டம் என்று அவர் கணக்குப் போட்டார். அதிலிருந்து ஒரு விதி கிடைத்தது. தளர்வாக நிற்கும் கூட்டத்தில் ஆளுக்கு 10 சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் நாலரை சதுர அடி, மூச்சுமுட்டும் நெரிசலில் இரண்டரை. இன்றும் இதை வைத்துக் கூட்டத்தை அளக்கும் நிருபர்கள் இருக்கிறார்கள்.

இதை நம் கிரிவலப் பாதைக்குப் போட்டுப் பார். 14 கிலோமீட்டர் என்றால் சுமார் 46,000 அடி நீளம். அகலம் இடத்துக்கு இடம் மாறும், நீ டேப் பிடித்து அளக்க வேண்டும். இப்போதைக்கு 30 அடி என்று வைத்துக்கொள். 13 லட்சத்து 80 ஆயிரம் சதுர அடி. பாதை முழுக்கத் தளர்வாக நிறைந்தால் ஒரே நேரத்தில் 1 லட்சத்து 38 ஆயிரம் பேர். நெருக்கமாக நிறைந்தால் 3 லட்சத்துச் சொச்சம். ஒரு சுற்றுக்கு நாலைந்து மணி நேரம் ஆகும். மாலை 4 மணியிலிருந்து விடியற்காலை 6 வரை 14 மணி நேரத்தில் கூட்டம் மூன்று முறை மாறும். ஆக, அந்த இரவில் பாதையைச் சுற்றியவர்கள் நாலு லட்சத்திலிருந்து ஒன்பது லட்சத்துக்குள். மாட வீதிகளில் நிற்பவர்களும் கோயிலுக்குள் இருப்பவர்களும் இதில் சேரவில்லை. முதல் நாளே வந்து போனவர்களும் இல்லை. அவர்களுக்கெல்லாம் தனிக் கணக்குப் போட வேண்டும்.

இந்த ஒரு வழியை மட்டும் நம்பாதே. இன்னொரு வழியில் போய் அதே இடத்துக்கு வந்து சேர்கிறாயா என்று பார். பாதையோரம் ஒரு மொட்டை மாடியில் நின்று, ஒரு நிமிடம் செல்போனில் வீடியோ எடு. வீட்டுக்கு வந்து மெதுவாக ஓட்டி, ஒரு மின்கம்பத்தைக் கடந்துபோகும் தலைகளை எண்ணு. உதாரணத்துக்கு, நிமிடத்துக்கு 500 பேர் என்றால் மணிக்கு 30,000, பதினான்கு மணி நேரத்தில் 4 லட்சத்து 20 ஆயிரம். தளர்வான கூட்டத்துக்கு நாம் முதலில் போட்ட கணக்கும் ஏறத்தாழ இதே. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் எழுதலாம். வரவில்லையென்றால் எங்கே பிசகியது என்று தேடு. அந்தத் தேடலுக்குள்ளேயே பாதிப் பாடத்திட்டம் இருக்கிறது. மூன்றாவதாகப் பேருந்துக் கணக்கு. ஒரு வண்டிக்கு 60 பேர் என்றால், லட்சம் பேர் வந்து சேர 1,667 நடை வேண்டும். எத்தனை சிறப்புப் பேருந்து, எத்தனை நடை என்பதற்குப் போக்குவரத்துக் கழகத்திடம் ஏடு இருக்கும்.

இதற்குத் தீபம் வரை காத்திருக்க வேண்டாம். மாதாமாதம் பௌர்ணமி வருகிறது. உன் வகுப்பில் எட்டுப் பேரைச் சேர். இந்திர லிங்கம் தொடங்கி அக்னி, எம, நிருதி, வருண, வாயு, குபேர, ஈசான்ய லிங்கம் வரை, பாதையைச் சுற்றி எண்ணும் இடங்களை நம் முன்னோர்களே அமைத்துத் தந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு லிங்கம், ஆளுக்கு ஒரு நோட்டு. கால் மணிக்கு ஒருமுறை ஒரு நிமிடம். எண்ணிக்கையோடு மணியையும் எழுது, வெளிச்சம் எப்படி, மழையா தூறலா, குடிநீர்த் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, கழிப்பறைக்கு வரிசை எவ்வளவு நீளம் என்பதையும் எழுது. மறுநாள் காலை குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர்களிடம் எத்தனை லோடு என்று கேள். இது தெய்வக் குற்றமில்லையம்மா. எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரிந்தால்தான் எத்தனை கழிப்பறை, எத்தனை டாக்டர், நெரிசலில் மக்கள் வெளியேற எத்தனை வழி என்று கேட்க முடியும். குத்துமதிப்பாகச் சொன்ன லட்சத்தை வைத்து யாரையும் எதையும் கேட்க முடியாது.

இதே ஊரில் நடந்த இன்னொன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும். 1950 ஏப்ரல் 14 இரவு ரமண மகரிஷி மறைந்தார். அப்போது பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸோன் இங்கே தங்கியிருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் காந்தியின் கடைசி நாட்களைப் படம் பிடித்தவர். அன்றிரவு வீட்டுக்கு வெளியே நின்றவர் வானத்தில் ஒரு எரிநட்சத்திரத்தைப் பார்த்ததாகப் பின்னால் சொன்னார். அவர் சொன்ன விதத்தைக் கவனி. தெற்கிலிருந்து வந்தது, ஒளிவால் இருந்தது, மெதுவாக நகர்ந்தது, மலை உச்சியை அடைந்து பின்னால் மறைந்தது. உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார்: 8 மணி 47 நிமிடம். அதன் பொருளை நாங்கள் ஊகித்தோம் என்கிறார். ஊகத்தை ஊகம் என்றே சொல்கிறார். பிறகு ஆசிரமத்துக்கு ஓடியிருக்கிறார். மகரிஷி மறைந்ததும் அதே நிமிடம். நம்புகிறவர்கள் அதில் அருளைக் காண்பார்கள், நம்பாதவர்கள் தற்செயல் என்பார்கள். இரண்டு பேருமே பேசுவதற்கு அவர் தந்த நேரமும் திசையும்தான் ஆதாரம். உடம்பே சிலிர்த்துப்போகிற அந்தக் கணத்தில் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றியதே, அதைத்தான் நான் தொழில் என்பேன்.

இனி மனசுக்குக் கஷ்டமான ஒன்று. 2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயலின் மழை. மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த வாரம் கேமராக்கள் எல்லாம் அந்தத் தெருவில்தான். பதினைந்து நாளுக்குள் தீபம் வந்தது. வல்லுநர்களின் ஆய்வுக்குப் பிறகு பக்தர்கள் மலையேறத் தடை விதித்தார்கள். செய்தி அந்தத் தடையின் பக்கம் திரும்பிவிட்டது.

இப்படி ஒரு நாள் உனக்கும் வரும். பிள்ளையைப் பறிகொடுத்தவர் முன்னால் மைக்கை நீட்டி "எப்படி உணர்கிறீர்கள்" என்று கேட்கச் சொல்வார்கள். கேட்காதே. அழுகிற முகத்தை நெருங்கிப்போய்ப் படம் எடுக்காதே. அவர்களாகப் பேச விரும்பினால் கேமராவை இறக்கிவிட்டு உட்கார்ந்து கேள். அதைவிட முக்கியமானது, கேமராக்கள் போனபிறகு நீ செய்ய வேண்டியது. மலைச்சரிவில் வீடுகள் எப்போது வந்தன? அந்த இடம் வருவாய்த்துறையின் 'அ' பதிவேட்டில் என்னவென்று இருக்கிறது? யாருக்குப் பட்டா, யாருக்கு இல்லை? பட்டா இல்லாத வீட்டுக்கும் வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் உண்டா, உண்டென்றால் கையெழுத்துப் போட்டது எந்த அலுவலகம்? கிராம நிர்வாக அலுவலரிடமும் மாநகராட்சியிலும் இதைக் கேட்கலாம். வாயால் சொல்லாவிட்டால் 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடு, 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். கேள்வியை மட்டும் "ஏன்" என்று கேட்காதே, "எந்த ஆவணம், அதன் நகல்" என்று கேள். ஏன் என்பதற்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை, நகல் கொடுத்தே ஆக வேண்டும். இதில் ஏழை மக்களைக் காட்டிக்கொடுத்து வீட்டை இடிக்க வைக்கும் செய்தியாக எழுதிவிடவும் கூடாது. அங்கே குடியேற அவர்களை விட்டவர்கள் யார் என்பதுதான் உன் கேள்வி.

கேமராக்கள் போனபிறகு திரும்பிப் போக வேண்டிய இன்னொரு இடமும் உண்டு. தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்று, எண்பது ஆண்டுகளாக முத்துமாரியம்மன் கோயிலுக்குள் விடப்படாதிருந்த பட்டியல் சாதி மக்கள், மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் துணைநிற்க உள்ளே போய்ப் பொங்கல் வைத்தார்கள். நாடே பார்த்தது. அடுத்த தையில் அங்கே யார் பொங்கல் வைத்தார்கள், அதற்கடுத்த தையில்? போய்ப் பார்த்து எழுது. நம் பத்திரிகைகளின் பெரிய குறை இந்த இரண்டாவது பயணம் இல்லாததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சட்டப் பாடத்தை மனப்பாடம் செய்து தேர்வெழுதிவிட்டு மறந்துவிடாதே. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது பழைய புத்தகங்களில் இந்திய தண்டனைச் சட்டம் 228-ஏ என்றிருக்கும். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ம் பிரிவு. குழந்தை என்றால் போக்சோவின் 23-ம் பிரிவும் சேரும். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். தெருப் பெயர், பள்ளிப் பெயர், அப்பாவின் தொழில் மூன்றையும் போட்டுவிட்டால் செங்கத்திலோ போளூரிலோ யாருக்குத் தெரியாது? சின்ன ஊரில் அடையாளம் என்பது பெயர் மட்டுமல்ல.

ஆய்வேட்டுக்கு "இளைஞர்களிடம் சமூக ஊடகத்தின் தாக்கம்" என்று நூறு பேரிடம் படிவம் நிரப்பி வாங்காதே, தயவுசெய்து. அந்த ஆய்வேடுகள் ஏற்கெனவே அலமாரி அலமாரியாக இருக்கின்றன. ஒரு நாளிதழின் வேலூர் பதிப்பை ஓராண்டுக்கு எடுத்து வைத்துக்கொள். நம் மாவட்டத்துச் செய்திகளில் கோயிலுக்கு எத்தனை பத்தி, ஜவ்வாது மலைக்கு எத்தனை பத்தி என்று எண்ணு. செய்யாறு சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்த விவசாயிகள் ஏழு பேர்மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் ஆறு பேர்மீதான உத்தரவை விலக்கிக்கொண்டார்கள். அந்த நவம்பருக்கு முன்னால் அவர்களுடைய போராட்டம் எத்தனை நாள் அந்த நாளிதழில் வந்தது, அந்தச் செய்திகளில் விவசாயிகளின் பேச்சு எத்தனை வரி, அதிகாரிகளின் பேச்சு எத்தனை வரி என்று பார். வழிகாட்டிப் பேராசிரியர் தயங்கினால் இந்தப் பத்தியைக் காட்டு.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாவட்டத்தில் பெரும்பாலும் பகுதிநேர நிருபராகத்தான் தொடங்குவாய். செய்திக்கு இவ்வளவு என்று தருவார்கள், பெட்ரோலுக்கே போதாது. தீப மலருக்கு விளம்பரம் பிடித்துத் தா என்பார்கள். பிரஸ் மீட் முடிந்ததும் கவர் வரும். அந்தக் கவரை முதல் தடவை வாங்கினால் இரண்டாம் தடவை மறுக்க வாய் வராது, அதனால் முதல் தடவையே வேண்டாம் என்று சொல்லிவிடு. வீட்டு வாடகைக்கு மொழிபெயர்ப்போ டியூஷனோ ஒரு கைத்தொழில் வைத்துக்கொள். வயிற்றுக்கு வேறு வழி இருந்தால்தான் பேனா உன் பேச்சைக் கேட்கும்.

அடுத்த பௌர்ணமிக்கு முதலில் பாதையின் அகலத்தை எட்டு இடத்திலும் அளந்து அனுப்பு. 30 அடி என்று நான் வைத்தது கணக்குக்காகத்தான், அதை அப்படியே எடுத்து எழுதிவிடாதே.

அன்புடன்,
உன் அண்ணன்