கடலடிக் கலங்கல் ஓட்டமும் கணினிக் கணக்கீடும்

தெளிநீர் நிறைந்த நீள்தொட்டியின் ஒரு முனையில் சேற்றுநீரை ஊற்றினால், அஃது உடனே கலந்துவிடுவதில்லை. எடை மிகுதியால் அடித்தளத்தைத் தழுவிப் பாய்கின்றது; வழியெல்லாம் வண்டலைப் படியவிட்டு, இறுதியில் ஓய்கின்றது. ஆழ்கடற் சரிவுகளில் பேரளவில் நிகழும் இதனைக் கலங்கல் ஓட்டம் எனலாம்.

1929 நவம்பர் 18 அன்று, நியூபவுண்ட்லாந்துக்குத் தெற்கே அட்லாண்டிக் கடலில் நிலநடுக்கம் ஏற்பட்டது. கடலடியில் கிடந்த தந்தி வடங்கள் பன்னிரண்டு அறுந்தன. மையத்தை அடுத்தவை உடனே அறுந்தன; தொலைவில் இருந்தவையோ ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. கடைசி வடம் அறுந்தது 13 மணி 17 நிமிடம் கழித்தாகும். 1952-இல் ஹீசன், யூயிங் என்னும் அறிஞர் இருவர் இவ்வரிசையை ஆராய்ந்து, பின்னர் அறுந்தவற்றை அறுத்தது கலங்கல் ஓட்டமே என விளக்கினர். வடங்களுக்கிடையே உள்ள தொலைவை நேரத்தால் வகுத்து, ஓட்டத்தின் விரைவையும் கணித்தனர்.

கண்ணுக்குப் புலனாகாத இவ்வோட்டத்தைக் கணினியில் உருவாக்குவது எங்ஙனம்? கடற்பரப்பைச் சிறு கட்டங்களாகவும், காலத்தைச் சிறு கூறுகளாகவும் பகுத்துக்கொள்வர். ஒவ்வொரு கட்டத்திலும் நீரின் இயக்கத்தை நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளாலும், துகள்களின் செறிவைப் பொருள் அழியாமைச் சமன்பாட்டாலும் கணிப்பர். இவற்றோடு துகள் படியும் விரைவும் வேண்டும். அதற்குரிய விதியை ஸ்டோக்ஸ் 1851-இல் தந்தார். அவ்விதிப்படி, நுண்துகளின் விட்டம் இரு மடங்கானால் படியும் விரைவு நான்கு மடங்காகும். எனவேதான் பருந்துகள் முன்னரும் நுண்துகள் பின்னரும் படிகின்றன.

இக்கணக்கின் அருமை யாது? துகளே ஓட்டத்தை உந்துகின்றது. அது படியப் படிய ஓட்டம் தளர்கின்றது. மாறாக, ஓட்டம் அடித்தளத்தை அரித்துப் புதுமண்ணை அள்ளிக்கொண்டால் மேலும் விரைவு பெறுகின்றது. 2020 சனவரியில் காங்கோ கடலடிப் பள்ளத்தாக்கில் எழுந்த ஓட்டம் 1,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அதன் விரைவு வினாடிக்கு 5.2 மீட்டரிலிருந்து 8 மீட்டராக உயர்ந்தது. கடலடித் தொலைத்தொடர்பு வடங்களும் அறுந்தன. நாடுகளை இணைக்கும் வடங்களை எவ்வழியே இடுவது என முடிவு செய்ய இத்தகைய கணக்குத் துணைசெய்யும்.

ஆயினும் மாணவர் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். துகளின் அளவையும் அரிப்பின் அளவையும் பிழைபடக் கொண்டால், சமன்பாடு சரியாயிருந்தும் விடை தவறும். ஆதலின் கணினி காட்டும் படிவின் தடிப்பைச் சோதனைத் தொட்டியின் படிவோடும் கடலடி மண்ணோடும் ஒப்பிட்ட பின்னரே அவ்விடையை ஏற்றல் தகும்.