டூரிங் வண்டியைக் கொடுத்துட்டு க்ரூஸர் வாங்கப் போறியா? அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படி

ஹிமாலயன் 411 வச்சிருக்கிற தம்பி, தங்கச்சிங்க என்கிட்ட அடிக்கடி கேக்கிற கேள்வி இதுதான்: "அக்கா, இதைக் கொடுத்துட்டு மீட்டியோர் 350 எடுக்கலாமா? இல்ல, நேரா சூப்பர் மீட்டியோர் 650க்கே போயிடலாமா?" ஷோரூம்ல உட்கார்ந்து பார்த்து, ரெண்டு காலும் தரையில பதிஞ்ச சந்தோஷத்துல பணத்தைக் கட்டிட்டு வந்து கேட்டா நான் என்ன சொல்ல முடியும்? நேரமில்லாதவங்கன்னு தெரியும், அதனால முக்கியமானதை மட்டும் சொல்றேன்.

1. எதுக்கு மாத்துறேன்னு முதல்ல சொல்லு.
"கால் எட்டல", "முதுகு வலிக்குது", "சலிச்சுப் போச்சு" மூணும் வேற வேற. கால் எட்டலைன்னா மாத்துறதுல நியாயம் இருக்கு. ஹிமாலயன் சீட் உயரம் 800 மி.மீ., மீட்டியோர் 765, சூப்பர் மீட்டியோர் 740. மேட்டுல சிக்னலுக்கு நிக்கும்போது அந்த 35 மி.மீ. என்ன பண்ணும்னு குள்ளமா இருக்கிறவங்களைக் கேளு. வெறும் சலிப்புன்னா கொஞ்ச நாள் பொறு. ஒரு நல்ல சர்வீஸும் ஒரு நல்ல பயணமும் போதும், பாதிப் பேருக்கு அது சரியாயிடும்.

2. முதுகு வலிக்காக மட்டும் க்ரூஸர் வாங்காதே.
எல்லாரும் பண்ற தப்பு இதுதான். க்ரூஸர்ல காலை முன்னாடி நீட்டி, சாய்வு நாற்காலியில உட்கார்ற மாதிரி உட்கார்றோம். சமமான ரோட்டுல சுகமா இருக்கும். ஆனா பள்ளம் வந்தா? ஹிமாலயன்ல என்ன பண்றே? ஃபுட்பெக்கை அழுத்தி லேசா எழும்புறே, அடியை முட்டி வாங்கிக்குது. க்ரூஸர்ல கால் இடுப்புக்குக் கீழ இல்லாம முன்னாடி இருக்கிறதால அப்படி சட்டுன்னு எழும்ப வராது. அடி நேரா வால் எலும்புல வந்து இறங்கும். சஸ்பென்ஷனும் கை கொடுக்காது. ஹிமாலயன்ல முன்பக்கம் 200 மி.மீ., பின்பக்கம் 180 மி.மீ. அமுங்கி எழும். சூப்பர் மீட்டியோர்ல முன்னாடி 120, பின்னாடி 101, அவ்வளவுதான்.

அதனால முதல்ல இருக்கிற வண்டியைச் சரி பண்ணு:
- சீட் ஃபோம் அமுங்கிப் போயிருக்கான்னு பாரு. சீட் தைக்கிறவர்கிட்ட கொடுத்து மாத்து. சென்னையில இருந்தா ஜி.பி. ரோட்டுலயே வேலை முடிஞ்சிடும்.
- பின்னாடி ஆள் ஏத்தும்போது பின் சஸ்பென்ஷனை இறுக்கிக்கோ. நிறைய பேர் வண்டி வாங்கின நாள்ல இருந்து அதைத் தொடறதே இல்லை.
- ஹேண்டில்பார் எட்டாம குனியுறியா? ரைசர் போடு.
- வலி காலுக்கு இறங்குதுன்னா மெக்கானிக்கை விடு, டாக்டரைப் பாரு.

இதுக்கெல்லாம் ஆகிற செலவு புது வண்டிக்குக் கட்டுற வரியைவிடக் கம்மிதான்.

3. ஆசைப்படுற ரோட்டை விட்டுட்டு, தினம் ஓட்டுற ரோட்டைப் பாரு.
ஈ.சி.ஆர்., திருச்சி ஹைவேன்னு 80, 90 வேகத்துல நிதானமாப் போறவங்களுக்கு மீட்டியோர் அருமையான வண்டி. பெட்ரோல் டாங்க் ரெண்டுலயும் 15 லிட்டர்தான், அதுல குறை இல்லை. பவர் மட்டும் 24ல இருந்து 20 குதிரைத்திறனா இறங்கும். ஓவர்டேக் பண்ணும்போது தெரியும், மனசைத் தயார் பண்ணிக்கோ. அதுவே கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவுதான் உனக்கு உயிர்னா யோசி. க்ரூஸர் ஏறும், ஏறாம இல்லை. ஆனா வளைவுல சாய்க்கும்போது ஃபுட்பெக் சீக்கிரமே தரையை உரசும்.

ஊருக்குள்ள பாக்க வேண்டியது கிரவுண்ட் கிளியரன்ஸ். ஹிமாலயன் 220 மி.மீ., மீட்டியோர் 170, சூப்பர் மீட்டியோர் 135. நம்ம தெருக்கள்ல அவங்கவங்க வீட்டு முன்னாடி போட்டு வச்சிருக்கிற வேகத்தடையை நினைச்சுப் பாரு. உங்க வீட்டு வாசல் சாய்தளத்தையும் பாரு. செங்குத்தா ஏறி, உச்சியில சட்டுன்னு மடங்குற சாய்தளம்னா, நீளமான தாழ்ந்த வண்டியோட அடிவயிறு அந்த விளிம்புலதான் இடிக்கும். டேப்பை வச்சு அளந்துட்டு அப்புறம் ஷோரூம் போ.

வருஷத்துல ஒருதரம்தான் லடாக், மத்த நாளெல்லாம் ஆபீஸ்னா ஒரு குறுக்குவழி இருக்கு. க்ரூஸரை வாங்கிக்கோ, மலைக்கு அங்கயே வாடகை வண்டி எடு. மணாலி, லே ரெண்டு ஊர்லயும் ஹிமாலயன் வாடகைக்குக் கிடைக்கும்.

4. தாழ்வா இருந்தா லேசா இருக்கும்னு நினைக்காதே.
ஹிமாலயன் 199 கிலோ, மீட்டியோர் 191. பெரிய வித்தியாசம் இல்லை. சூப்பர் மீட்டியோர் 241 கிலோ! ஓடும்போது தெரியாது. அபார்ட்மென்ட் பார்க்கிங்ல, ரெண்டு ஸ்கூட்டருக்கு நடுவுல இருந்து பின்னாடி இழுக்கும்போது தெரியும். கடையிலேயே இன்ஜினை அணைச்சுட்டு பத்தடி பின்னாடி தள்ளிப் பாரு. கூச்சப்படாதே, காசு உன்னுது.

5. அஞ்சு நிமிஷ டெஸ்ட் ரைடு டெஸ்ட் ரைடே இல்லை.
ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, உன் வழக்கமான ரோட்டுல, வெயில் ஏறினப்புறம் ஓட்டு. பின்னாடி வழக்கமா யார் உட்கார்வாங்களோ அவங்களையும் கூட்டிட்டுப் போ. அம்மாவோ, வீட்டுக்காரரோ, மனைவியோ, அவங்க "போதும், நிறுத்து"ன்னா அந்த வண்டி உங்க வீட்டுக்கு ஆகாது.

6. கணக்கைச் சரியாப் போடு.
2025 செப்டம்பர் 22ல இருந்து 350 சி.சி. வரைக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதுக்கு மேல 40. மீட்டியோர் 349 சி.சி., தப்பிச்சுது. 650 எடுத்தா 40 கட்டணும். பழைய வண்டிக்குக் கட்டின ஆயுள் வரி புதுசுக்குச் செல்லாது, மறுபடி கட்டணும். மூணாம் நபர் இன்ஷூரன்ஸும் அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டணும்.

7. எக்ஸ்சேஞ்ச்ல ஏமாறாதே.
- புது வண்டியோட ஆன்ரோடு விலையைத் தனியா எழுதி வாங்கு. அப்புறம்தான் பழைய வண்டிப் பேச்சையே எடுக்கணும். ரெண்டையும் ஒண்ணாப் பேசினா எங்க குறைச்சாங்க, எங்க ஏத்தினாங்கன்னே தெரியாது.
- வெளியில ரெண்டு மூணு பேர்கிட்ட விலை கேட்டுட்டுப் போ.
- பெட்டி, ரேக், க்ராஷ் கார்டு எல்லாத்தையும் கழட்டித் தனியா வித்துடு. புது வண்டிக்கு அது பொருந்தாது, எக்ஸ்சேஞ்ச்ல அதுக்குப் பெருசா காசும் தரமாட்டாங்க.
- விக்கிறதுக்காகப் புது டயர், பெயின்ட் எதுவும் வேண்டாம். கழுவித் துடைச்சு, சர்வீஸ் புத்தகத்தையும் ரெண்டாவது சாவியையும் தேடி எடுத்து வை.
- க்ளெய்ம் பண்ணாம ஓட்டினதுக்குச் சேர்ந்த போனஸ் உன்னுது, வண்டியோடது இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில அதுக்குச் சான்றிதழ் வாங்கிப் புது பாலிசியில கழிச்சுக்கோ. 50 சதவீதம் வரைக்கும் கிடைக்கும்.
- லோன்ல எடுத்த வண்டியா? பேங்க் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35ம் வாங்கி ஆர்.சி.யில லோனை நீக்கின பிறகு பேசு.
- வெத்து ஃபார்ம் 29, 30ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு மறந்துடாதே. ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ அவங்கதான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்புன்னு 2018லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. வாங்கினவர் பேர், தேதி, நேரம் எழுதி டெலிவரி நோட் வாங்கு. பரிவாஹன் தளத்துல பேர் மாறிடுச்சான்னு வாரம் ஒருதரம் பாரு. மாறுற வரைக்கும் போன் போட்டு நச்சரி, தப்பே இல்லை.