லடாக் போகிற மாப்பிள்ளைக்கு



நீ அனுப்பிய லடாக் திட்டத்தைப் படித்தேன். மொத்தம் ஆறு நாள். முதல் நாள் டெல்லியிலிருந்து விமானத்தில் லே, மாலையே சாந்தி ஸ்தூபி, மறுநாள் கர்துங் லா கணவாய், அதற்கு மறுநாள் பாங்காங் ஏரி. டிராவல்ஸ்காரர் ஒரு மணி நேரத்தைக்கூட சும்மா விடவில்லை. எனக்குப் பயமே அதுதான்.

லே 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. கீழே கிடைக்கிற பிராணவாயுவில் மூன்றில் ஒரு பங்கு அங்கே குறைவு. பட்டாளத்தில் அந்த உயரத்துக்குப் போகிற சிப்பாய்க்கு முதல் கட்டமாக ஆறு நாள் கட்டாயம் உண்டு. அதில் முதல் இரண்டு நாள் வெறும் ஓய்வு. 12,000 அடிக்கு மேலே போக இன்னும் நான்கு நாள், 15,000 அடியைத் தாண்ட மறுபடி நான்கு நாள். இளவட்டப் பையன்களுக்கே இந்தக் கணக்கு. உன்னோடு வருகிற, பிபி மாத்திரை போடுகிற என் அக்காவுக்கும் ஆறு வயசுக் குட்டிக்கும் நீ ஒரே ராத்திரி கொடுத்திருக்கிறாய்!

அதனால் விமானத்தில் நேரே லேயில் போய் இறங்காதே. ஸ்ரீநகருக்குப் போ. அங்கிருந்து சோஜி லா கணவாய் வழியாக லேவுக்கு ஏறத்தாழ 420 கிலோமீட்டர் சாலை. முதல் ராத்திரி ஸ்ரீநகரில், சுமார் 5,200 அடி. அடுத்தது கார்கிலில், 8,800 அடி. அதற்கடுத்த இரண்டு ராத்திரியும் சிந்து நதிக்கரையில் ஆல்ச்சி கிராமத்தில், பத்தாயிரத்துச் சொச்சம். அப்புறம்தான் லே. உடம்பு தானாகப் பழகிக்கொள்ளும். வழியில் ஃபோட்டு லா கணவாய் 13,400 அடியைத் தாண்டும்; ஆனால் ஏறிய கையோடு இறங்கிவிடுவதால் பெரிதாகப் படுத்தாது. ஏறிப் பார்க்கிற உயரம் வேறு, படுத்துத் தூங்குகிற உயரம் வேறு. கணக்குப் பார்க்க வேண்டியது தூங்குகிற உயரத்தைத்தான்.

ஆல்ச்சியைப் பட்டியலில் ஒப்புக்குச் சேர்த்துக்கொள்ளாதே. அங்குள்ள கோயில் சுவரோவியங்கள் எண்ணூறு ஆண்டுக்கு மேல் பழையவை. சுற்றிலும் ஆப்ரிகாட் மரங்கள். அக்கா திண்ணை கண்ட இடத்தில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். குட்டி வாய்க்கால் ஓரம் விளையாடுவாள். கிராமத்தைத் தாண்டினால் மலைகளில் பச்சை கிடையாது. மழையே ஆண்டுக்குச் சுமார் நூறு மில்லிமீட்டர்தான். மறைக்க மரமில்லாததால் கண்ணுக்கு எட்டின மட்டும் வெட்டவெளி. ஊட்டி, கொடைக்கானல் பார்த்த கண்ணுக்கு முதல் நாள் வறட்சியாகத் தெரியும். இரண்டாம் நாள்தான் அதன் அழகு பிடிபடும்.

பாங்காங்கை விட்டுவிடு. ‘3 இடியட்ஸ்’ படம் வந்ததிலிருந்து நம் ஆட்களுக்கு லடாக் என்றாலே அந்த ஏரிதான். அது 14,000 அடி. லேயிலிருந்து நேர்வழியில் சாங் லா என்ற 17,000 அடிக்கு மேற்பட்ட கணவாயைத் தாண்டித்தான் போக வேண்டும்; கரையில் கூடாரத்தில் ராத்திரி மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்கு லேவரை ஓட வேண்டும். அதற்குப் பதில், டாக்டர் சம்மதித்தால் நுப்ரா பள்ளத்தாக்குக்குப் போங்கள். வழியில் கர்துங் லா உச்சியில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். நுப்ராவில் உள்ள ஹுண்டர் கிராமம் லேயைவிடத் தாழ்வு, மணல்மேடும் இரட்டைத் திமில் ஒட்டகமும் உண்டு. குட்டிக்கு ஏரியைவிட ஒட்டகம்தான் பிடிக்கும், பந்தயம்.

அக்காவைப் பற்றி ஒன்று. வெளியூர்ப் பயணம் என்றால் நம் வீட்டுப் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள், வழியில் ஒதுங்க இடம் இருக்காதே என்று. அந்த வறண்ட காற்றில் அது பெரிய ஆபத்து. ஓட்டல் கண்ட இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்தச் சொல், அவள் கேட்கும்வரை காத்திராதே. உயரம் ஒத்துக்கொள்வதற்கான டையாமாக்ஸ் மாத்திரை கொடுப்பதானால் டாக்டரைக் கேட்டுத்தான்; சல்பா ஒவ்வாமை உண்டா என்பதையும் சொல். அந்த மாத்திரையைப் போட்டால் சிறுநீர் அதிகம் போகும் என்பதையும் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. தலைவலி, வாந்தி வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தாலோ, ராத்திரி என்று பார்க்காமல் உடனே கீழே இறங்கு. குட்டிக்குச் சொல்லத் தெரியாது. சாப்பாட்டைத் தள்ளினாலே கவனி.

காலாண்டு விடுமுறை நல்ல சமயம். செப்டம்பர் கடைசியில் வானம் தெளிவாக இருக்கும், ராத்திரி மட்டும் குளிரும். நம் ஊர் ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் ஒன்று எடுத்துக்கொள். தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் சோறு வேகாது. அரிசி கட்டிக்கொண்டு போகிற யோசனையை அக்கா கைவிடட்டும், பருப்புசாதம் எங்கும் கிடைக்கும். லேயிலிருந்து திரும்புகிற விமானம் வானிலையால் ரத்தாவது சாதாரணம், கடைசியில் ஒரு நாள் உபரியாக வை. ஆறு நாளைப் பத்தாக்கு. லீவு கிடைக்காது என்றால் இந்த வருஷம் காஷ்மீரோடு நிறுத்திக்கொள்.

டிக்கெட் போடுவதற்கு முன் அக்காவை டாக்டரிடம் கூட்டிப்போ. அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எனக்குப் போனில் சொல்.

அன்புடன்,
மாமா