நண்பர்களோடு ஃப்ரீடவுன் போகிறீர்களா?

சியரா லியோனில் 1991இல் மூண்ட உள்நாட்டுப் போர் 2002 ஜனவரியில்தான் ஓய்ந்தது. தலைநகர் ஃப்ரீடவுனுக்குள் 1999 ஜனவரி 6 அன்று கிளர்ச்சிப் படை புகுந்தது. கிழக்குப் பகுதியில் வீடுகளைக் கொளுத்தியது, மனிதர்களின் கைகால்களை வெட்டியது. இன்று ஃப்ரீடவுன் மலையும் கடலும் சந்தடியுமாக இருக்கும் ஊர். நாலைந்து பேராகச் சேர்ந்து தாராளமாகப் போகலாம். போரின் வடுக்களை வேடிக்கை பார்க்கும் எண்ணம் இருந்தால் மட்டும் போகாதீர்கள்.

முதல் வேலை, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அங்கே இறங்கும்போது மட்டுமல்ல, திரும்பி இந்தியாவுக்குள் வரும்போதும் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்திவிடுவார்கள். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, கிளம்புவதற்கு முன்பே தொடங்குங்கள். விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் எடுக்குமுன் பார்த்துவிடுங்கள்.

போக ஏற்ற மாதங்கள், டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. ஆகஸ்ட் மழை மிகக் கடுமையானது. 2017 ஆகஸ்ட் 14 அன்று ரீஜன்ட் பகுதியில் மலைச்சரிவே இடிந்து விழுந்து, ஆயிரம் பேருக்கு மேல் இறந்தோ காணாமலோ போனார்கள்.

லுங்கி விமான நிலையம் நகருக்கு அக்கரையில் இருக்கிறது. சாலை வழியாகப் போனால் பெருஞ்சுற்று. பெரும்பாலோர் விசைப்படகில்தான் கடக்கிறார்கள். பெட்டிகளைத் தனியே ஏற்றுவார்கள், அதனால் பாஸ்போர்ட், பணம், மருந்து மூன்றும் உங்களிடமே இருக்கட்டும், பிளாஸ்டிக் உறையில். தண்ணீர் தெறிக்கும். மிதவை உடையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். அபர்டீன், லம்லி பக்கம் தங்கினால் படகுத்துறையும் கடற்கரையும் அருகில்.

பணத்துக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கார்டை நம்பாமல் கிழியாத, புதிய டாலர் நோட்டுகளைக் கொண்டுபோங்கள். 2022 ஜூலையில் லியோன் நாணயத்தில் மூன்று சுழியங்களை நீக்கினார்கள். பேச்சில் இன்னும் பழைய கணக்கு வரும். ஐம்பதாயிரம் என்று கேட்டால் புதிய பணத்தில் ஐம்பது. விலை பேசும்போதே பழசா, புதுசா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சுற்றுவதற்கு ‘கேகே’ இருக்கிறது, நம்மூர் ஆட்டோதான். ‘பொடா-பொடா’ என்னும் வேனில் நெருக்கியடித்து உட்காரவேண்டும். ‘ஒக்காடா’ பைக் மட்டும் வேண்டாம். கும்பலாக இருந்தால் ஒரு காரை நாள் வாடகைக்குப் பேசுவது நல்லது. ஏறியதும் ‘குஷே’ என்று வணக்கம் சொல்லிவிட்டுப் பிறகு போகுமிடத்தைச் சொல்லுங்கள். வணக்கம் சொல்லாமல் காரியம் பேசினால் அங்கே மரியாதைக் குறைவு.

இனி முக்கியமானது. நாற்பது வயது ஓட்டுநர் போரின்போது சிறுவன். படையினர் பிடித்துப்போய்த் துப்பாக்கி கொடுத்த பிள்ளையாக இருந்திருக்கலாம், அந்தத் துப்பாக்கிக்குத் தப்பி ஓடிய பிள்ளையாகவும் இருந்திருக்கலாம். ‘போரில் என்ன ஆச்சு?’ என்று நண்பர்கள் யாரும் கேட்கக் கூடாது. இதைக் கிளம்புமுன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவராகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். தெரிந்துகொள்ள வேறு இடம் இருக்கிறது. போர்க் குற்றங்களை விசாரித்த சிறப்பு நீதிமன்றத்தின் வளாகத்திலேயே அமைதி அருங்காட்சியகம் உள்ளது. லைபீரிய முன்னாள் அதிபர் சார்லஸ் டெய்லருக்கு 2012இல் 50 ஆண்டுச் சிறை விதித்தது அந்த நீதிமன்றம்தான். அரை நாள் ஒதுக்கி, ஊர் சுற்றத் தொடங்குமுன்பே போய்வாருங்கள். பிறகு பார்க்கும் தெருக்கள் வேறு மாதிரி தெரியும்.

லம்லி கடற்கரையில் ஊன்றுகோலை மணலில் ஊன்றி, ஒற்றைக்காலில் பந்தை அடிக்கிற ஆட்டக்காரர்களைப் பார்க்கலாம். கோல்கீப்பருக்குக் கால் இரண்டும் இருக்கும், கை ஒன்றுதான். போரில் உறுப்பிழந்தவர்கள் இங்கே ஆடத் தொடங்கிய ஆட்டம் இது. கேமராவை உள்ளே வைத்துவிட்டு, கோல் விழும்போது கைதட்டுங்கள். ராணுவம், போலீஸ், அரசுக் கட்டடங்கள் பக்கமும் படம் எடுக்காதீர்கள்.

நகரின் அடையாளமாக நின்ற காட்டன் ட்ரீ என்னும் மரத்தைத் தேடாதீர்கள், 2023 மே மாதம் புயலில் சாய்ந்துவிட்டது. டாகுகாமா சிம்பன்சி சரணாலயம் காடழிப்பை எதிர்த்து 2025இல் பார்வையாளர்களை நிறுத்தியது. திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். ஒரு நாளை ரிவர் நம்பர் டூ கடற்கரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதை ஊர்மக்களே நடத்துகிறார்கள். அங்கே சுட்ட மீனும் சோறும் வாங்கிச் சாப்பிடுங்கள், பேரம் பேசாமல் கொடுங்கள். நீங்கள் செலவழிக்கும் பணம் அந்தக் கிராமத்துக்கே போகும்.