சங்கத்திற்குப் புதுக் கணினி: எப்பொழுது வாங்குவது?

2025-ஆம் ஆண்டு புரட்டாசியில், தீபாவளிக்கு மூன்று வாரங்களே இருந்தபோது, ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திற்கு ஆய்வின் நிமித்தம் சென்றிருந்தோம். அலுவலகத் திண்ணையில் அங்கத்தினர்கள் இருபது பேர் வரை, நெய்த சேலைகளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தனர். சரக்கை ஏற்று, கொடுத்த நூலைக் கழித்து, கூலிப் பட்டியல் போட வேண்டிய கணினியோ ஒன்பதரை மணிக்கு விசையைத் தட்டியும் பத்து மணி வரை கண் விழிக்கவில்லை. விழித்த பிறகும் ஒவ்வொரு பெயரைப் பதிவதற்கும் தயங்கித் தயங்கி நின்றது. பக்கத்துக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வந்திருந்த முதியவர் ஒருவர் நம்மைப் பார்த்து, "தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன், ஐயா. இங்கே போகிற நேரத்துக்கு யார் கூலி போடுவது?" என்று கேட்டார்.

சங்கத் தலைவர், "புதுக் கணினி வாங்கிவிடுகிறோம். உங்கள் அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும்" என்றார். காரியதரிசியோ, "இன்னும் ஓர் ஆண்டு இதையே ஓட்டலாம், அதற்குள் விலை குறைந்துவிடும்" என்றார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் இருவருமே கணக்குப் பார்க்காமல் சொன்னார்கள். வாங்குவதா வேண்டாமா என்பது நிர்வாகக் குழு தீர்மானிக்க வேண்டிய விஷயம். ஆய்வாளர் உத்தரவிடும் விஷயமன்று. எனினும் தீர்மானத்திற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று எடுத்துச் சொல்வது நம் கடமையே.

தறியா, அச்சா?

அச்சின் பல் வளைந்தால் அச்சை மாற்றுகிறோம். விழுது அறுந்தால் விழுதைக் கட்டுகிறோம். அதற்காகத் தறியை விறகுக்கு விற்பவர் எவரும் இல்லை. கணினியைக் கண்டால் மட்டும் இந்த அனுபவ அறிவு நம்மைவிட்டு அகன்றுவிடுகிறது. மெதுவாக ஓடினால் 'பழசாகிவிட்டது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

அன்று மாலையே பழுது பார்ப்பவர் ஒருவரை வரவழைத்து அந்தப் பெட்டியைத் திறக்கச் சொன்னோம். கணினி வாங்கியது 2016-இல். அதனுள் இருந்த ஹார்ட் டிஸ்க், சுழலும் தட்டுகளில் விவரங்களை எழுதிப் படிக்கும் பழைய வகை. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தட்டின் மேல் ஊசி போன்ற ஒரு கை ஓடி ஓடி விவரம் தேட வேண்டும். இப்பொழுது வழங்கும் எஸ்.எஸ்.டி. என்பதில் சுழல்வதும் இல்லை, ஓடுவதும் இல்லை. அனைத்தும் சில்லுகளிலேயே இருப்பதால் தேடும் நேரம் பெரும்பாலும் ஒழிந்துவிடுகிறது. அந்தக் கணினியின் ராம் நினைவகமும் 4 ஜி.பி. தான். ஆக, நோய் இரண்டு உறுப்புகளில் இருந்ததே ஒழிய உடல் முழுவதிலும் இல்லை. ஹார்ட் டிஸ்கின் விவரங்களை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றி, ராமை 8 ஜி.பி. ஆக்கினார்கள். புதுக் கணினியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. மறுநாள் காலை விசையைத் தட்டிய ஒரு நிமிடத்திற்குள் கணினி வேலைக்குத் தயாராக நின்றது.

சிறு உறுப்புகளில் இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். காலையில் கணினியைத் திறந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போயிருக்கிறதா? அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் காசு அளவான பாட்டரி தீர்ந்ததன் அடையாளம். சி.ஆர். 2032 என்று கேட்டால் கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கும். இதைக் கவனியாமல் விட்டு, முந்திய ஆண்டுத் தேதியுடன் ரசீதுகள் அச்சாகி, தணிக்கையில் விளக்கம் எழுதிக்கொண்டிருந்த ஒரு சங்கத்தை நாம் அறிவோம்.

பேரேட்டில் ஏறாத நஷ்டம்

புதிய கணினியின் விலை என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். பழைய கணினியின் விலை என்ன என்று கேட்பவர் அரியர். நாள்தோறும் அரைமணி நேரம் வீணானால், 25 வேலை நாட்களுக்கு 12½ மணி நேரம். எழுத்தரின் சம்பளத்தைக் கொண்டு இதற்கு மதிப்புப் போட்டுவிடலாம்; தொகை அதிகமாகத் தோன்றாது. திண்ணையில் காத்திருந்தவர்களையும் கணக்கில் சேர்க்கும்போதுதான் உண்மை புலப்படும். கூலி நாளன்று 20 அங்கத்தினர்கள் அரைமணி நேரம் காத்திருந்தால் பத்து மணி நேரத் தறியோட்டம் நின்றது என்று பொருள். வாரம் ஒரு கூலி நாள் என்று கொண்டால் மாதத்திற்கு நாற்பது மணி நேரம். இந்த நஷ்டம் சங்கத்தின் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. அங்கத்தினர்களின் வீட்டில்தான் ஏறுகிறது. அவர்களே சங்கத்தின் உடைமையாளர்கள் என்பதை நினைத்தால், இதைக் கணக்கில் சேர்க்காத தீர்மானம் பாதித் தீர்மானமே.

ஆகவே நாம் சொல்லும் முறை எளியது. கணினி மேசையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டிவையுங்கள். ஒரு மாதத்திற்கு, தேதி, எந்த வேலையில் நின்றது, எத்தனை நிமிடம், வெளியே எத்தனை பேர் காத்திருந்தனர் என்று எழுதி வாருங்கள். நின்றது கணினியாலா, மின்சாரத்தாலா, இணையத் தொடர்பாலா என்பதையும் பிரித்து எழுத வேண்டும். ஒரு மாதத்திற்குப் பின் பார்த்தால், குற்றம் முழுவதையும் கணினியின் தலையில் ஏற்றியது தவறு என்று தெரிய வரலாம். யூ.பி.எஸ். பாட்டரி செத்துப் போய், மின்சாரம் இமைக்கும்போதெல்லாம் கணினி அணைந்துகொண்டிருந்த இடத்தில் புதுக் கணினி வாங்கினாலும் அதுவும் அணையத்தான் செய்யும்.

மெதுவாக ஓடாத கணினியும் ஆபத்தானதே

வேகம் ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளலாகாது. வேறொரு ஊரில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணினி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. சில மாதங்களாக உள்ளே 'கடக், கடக்' என்ற ஓசை. சில கோப்புகள் திறக்க மறுத்தன. யாரும் பொருட்படுத்தவில்லை. சம்பாப் பயிர்க்கடனுக்காக அங்கத்தினர்கள் வரிசையில் நின்ற ஒரு நாளில் ஹார்ட் டிஸ்க் முற்றிலும் செயலிழந்தது. கடைசியாக நகல் எடுத்து நாற்பது நாட்கள் ஆகியிருந்தன. ஊழியர் இருவர் ஒன்பது நாட்கள் உட்கார்ந்து, செலவுச் சீட்டுகளையும் ரசீதுக் கட்டுகளையும் பார்த்து அனைத்தையும் மறுபடி பதிந்தனர். அதுவரை கடன் விண்ணப்பங்கள் நகரவில்லை. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. அவசரத்தில் ஒரே கடையில், விலைப்புள்ளி கோராமல், இருந்த சரக்கை இருந்த விலைக்கு வாங்கினார்கள். அவர்கள் நிலையை நேரில் கண்டிருந்தும், விதிப்படி நாம் குறை எழுதத்தான் வேண்டியிருந்தது. மனத்திற்கு உவப்பான வேலையன்று.

அக்டோபர் 14

நெசவாளர் சங்கத்திற்குத் திரும்புவோம். உறுப்பு மாற்றியதும் அங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. "இனி ஐந்து ஆண்டுக்குக் கவலையில்லை" என்றார் காரியதரிசி. அந்த மகிழ்ச்சியை நாம் சிறிது குறைக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கணினி விண்டோஸ் 10-இல் இயங்கியது. 2015-இல் வெளிவந்த அந்த மென்பொருளுக்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்துவதாக முன்னரே அறிவித்திருந்தது, அவ்வாறே நிறுத்தியது. அதன்பின் கணினி ஓடாமல் நின்றுவிடவில்லை. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடுவதில்லை. பூட்டு இருக்கிறது, சாவி வெளியார் கையிலும் இருக்கலாம் என்ற நிலை. அங்கத்தினர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் உள்ள பெட்டியை அப்படி விடலாமா?

விண்டோஸ் 11-க்கு மாறலாமே எனில், அதற்குக் கணினியில் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பும், குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்திய செயலியும் வேண்டும். இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் 2017-இல் வெளிவந்த எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ. 2016-இல் வாங்கிய கணினி இதில் தேறவில்லை. நிறுவனங்கள் பணம் கட்டித் திருத்தங்களை மேலும் மூன்று ஆண்டுகளுக்குப் பெறும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரு கணினிக்கு முதலாண்டு 61 டாலர், அடுத்த ஆண்டு 122, அதற்கடுத்து 244. மொத்தம் 427 டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலும் முப்பத்தாறாயிரத்திற்கு மேல். ஓராண்டு மூச்சு விடுவதற்கு இது பொருந்தும். மூன்றாண்டுக்குக் கட்டுவது கிழிந்த வேட்டிக்குப் பட்டுநூலில் தையல் போடுவதாகும். லினக்ஸ் என்ற இலவச ஏற்பாட்டையும் நாம் ஒதுக்கிவிடவில்லை. தமிழ் அதில் செவ்வனே நடக்கிறது. ஆனால் சங்கத்தின் கணக்கு மென்பொருள், கைரேகைக் கருவி, மின்கையொப்பச் சாதனம் மூன்றும் அதில் இயங்குமா என்று முதலில் சோதித்து அறிய வேண்டும்.

ஆகவே அங்கே எடுத்த முடிவு இது: தீபாவளி, பொங்கல் உற்பத்திகளை இந்தக் கணினியைக் கொண்டே முடிப்பது, வங்கி வேலைகளை விற்பனை நிலையத்தில் உள்ள பிந்திய கணினிக்கு மாற்றுவது, இதில் மின்னஞ்சல் திறப்பதையும் வெளியார் பென் டிரைவைச் செருகுவதையும் தவிர்ப்பது, தை பிறந்தபின், மார்ச் கணக்கு முடிப்புக்கு முன், வேலை தணிந்திருக்கும் வாரங்களில் புதியது வாங்குவது. உழவர் சங்கமாயின் கோடையில், பயிர்க்கடன் வரிசை தொடங்குமுன் வாங்கலாம். பருவத்தின் உச்சியில் யந்திரத்தை மாற்றுவது பாவு ஓடிக்கொண்டிருக்கையில் விழுதை அவிழ்ப்பது போன்றது.

இதில் நம் கணிப்பு ஓரளவு தவறியது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். காத்திருந்தால் கணினி மலிவாகும் என்பது நெடுநாள் அனுபவம். ஒரு சில்லில் அடங்கும் நுண்கூறுகள் ஆண்டுதோறும் இருமடங்காகும் என்று கார்டன் மூர் 1965-இல் கணித்து, 1975-இல் அதை இரண்டாண்டுக்கு ஒருமுறை என்று திருத்தினார். விலைகளும் பெரிதும் அந்த வழியிலேயே இறங்கி வந்தன. ஆனால் 2025-இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாரிக்கொள்ள, ராமின் விலை கடுமையாக ஏறிவிட்டது. புரட்டாசியில் வாங்கியிருந்தால் சங்கத்திற்குச் சிறிது மிச்சமாகியிருக்கும். ஆயினும், கூலிப் பட்டியல் குவிந்திருந்த அந்த வாரங்களில் புதிய யந்திரத்தில் தடுமாறுவதைவிட இது தேவலை என்றே இன்னமும் கருதுகிறோம். விலையைப் பார்த்து நாள் குறிப்பது யூகம்; வேலையைப் பார்த்து நாள் குறிப்பது நம் கையில் உள்ளது.

பணம் எங்கே?

கணினிக்கு வருமான வரி விதிகள் 40 சதவீதத் தேய்மானம் அளித்து வந்துள்ளன. ஐம்பதாயிரம் ரூபாய்க் கணினி நான்காம் ஆண்டு முடிவில் ஏட்டில் 6,480 ரூபாய்க்கு நிற்கும். பல நிர்வாகிகள், தேய்மானம் எழுதியதாலேயே புதியது வாங்கப் பணம் சேர்ந்துவிட்டதாக எண்ணுகிறார்கள். எழுதுவது வேறு, ஒதுக்குவது வேறு. மாதம் ஆயிரம் ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு வந்தால் ஐந்து ஆண்டில் அறுபதாயிரம் கையில் நிற்கும். அப்பொழுது கணினி படுத்தாலும் ஒருவரிடமும் கைநீட்ட வேண்டியதில்லை.

வேளாண்மைக் கடன் சங்கத்தார் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்க, 2,516 கோடி ரூபாய் மதிப்பீட்டில் மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. அத்திட்டத்தில் தங்கள் சங்கத்திற்கு வந்தது என்ன, வர வேண்டியது என்ன என்று கேட்டறியாமல் சொந்தப் பணத்தைச் செலவிடலாகாது. நெசவாளர் சங்கங்களுக்கு அத்திட்டம் பொருந்தாது.

புதியது வந்ததும் பழையதை அன்றே அகற்றிவிடாதீர்கள். இரண்டு கூலி நாட்களாவது இரண்டிலும் பட்டியல் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த தீர்மானங்கள் புதுக் கணினியில் புரியாத கிறுக்கலாகத் தோன்றினால் பயப்பட வேண்டாம். அந்த எழுத்துருவைக் கொண்டுவந்து நிறுவினால் தெளியும், யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டால் பிறகு அத்தொல்லை இராது. ஒப்பிட்டு முடிந்தபின், பழைய கணினியின் டிஸ்கைக் கழற்றி, அதில் உள்ளவற்றை மீட்க இயலாதபடி அழித்து, பெட்டியைப் பதிவு பெற்ற மின்கழிவு நிலையத்தாரிடம் ரசீது பெற்று ஒப்படைக்க வேண்டும். அந்த ரசீது எண்ணைச் சொத்துப் பதிவேட்டில் எழுதி, பழைய பதிவின் மேல் சிவப்பு மையில் கோடிட்டு, தலைவரும் காரியதரிசியும் கையொப்பமிடுக.